சலானால் பிரீமியம் ஏறியதா, கிளைமால் ஏறியதா?

உச்சிப்புளியான் | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். என்னுடையது 1197 சிசி பெட்ரோல் கார், டி.என்.65 பதிவு. ஃபுல் இன்ஷூரன்ஸ்தான், ஆனால் பம்பர் டு பம்பர் (தேய்மானம் பிடிக்காமல் கொடுப்பது) மாதிரி கூடுதல் கவர் எதுவும் கிடையாது. போன வருடம் வரியோடு சேர்த்து 9,223 ரூபாய் கட்டினேன். இந்த வருடம் 13,471 கேட்கிறார்கள். வண்டிக்கு ஒரு வயது கூடியிருக்கிறது, தொகை குறையத்தானே வேண்டும்?

இடையில் நடந்தது இரண்டு விஷயம். பரமக்குடி தாண்டி வேகத்துக்காக 1,000 ரூபாய் சலான் வந்தது, கட்டிவிட்டேன். அப்புறம் என் மச்சான் வண்டியை ராமேஸ்வரத்துக்கு எடுத்துப் போனபோது, பாம்பன் பாலத்தில் ரயில் பார்க்க என்று சட்டென நின்ற ஒரு டூரிஸ்ட் வேனின் பின்னால் முட்டிவிட்டான். முன் பம்பர் போனது. பில் 9,200. கம்பெனி 5,600 கொடுத்தது, மீதி நான் கொடுத்தேன்.

சலான் எல்லாம் இப்போது ஆன்லைனில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போய்விடுகிறது, அதனால்தான் ஏற்றுகிறார்கள் என்று டீக்கடையில் சொல்கிறார்கள். உண்மையா? மச்சானுக்கு இனி வண்டி கொடுக்கலாமா வேண்டாமா என்பதும் இதைப் பொறுத்துத்தான்.

ராமேஸ்வரம் டி போர்டு | திங்கள், இரவு 9.40

சலான்தான் அண்ணே. டெல்லியில் எல்லாம் வந்துவிட்டது. சிக்னல் தாண்டினால் பிரீமியம் ஏறும். எனக்கு வாட்ஸாப்பில் வந்தது.

கேணிக்கரை ஏஜெண்ட் | திங்கள், இரவு 10.25

வாட்ஸாப்பில் வந்ததற்கு ஒரு அடிப்படை உண்டு, ஆனால் அது பாதிக் கதை. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைத்த ஒரு பணிக்குழு 2021 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. போக்குவரத்து விதிமீறலுக்குப் புள்ளி போட்டு, அந்தப் புள்ளிக்கு ஏற்பத் தனியாக ஒரு பிரீமியம் வாங்கலாம், டெல்லி வட்டாரத்தில் முதலில் சோதித்துப் பார்க்கலாம் என்பது பரிந்துரை. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தப்பான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி என்று பட்டியலே போட்டிருந்தார்கள். அதை வைத்துத்தான் இந்தச் செய்திகள் சுற்றுகின்றன. பரிந்துரை வேறு, நம் பாலிசியில் கட்டணம் போடும் விதி வேறு. உச்சிப்புளி அண்ணனின் 1,000 ரூபாய் சலானுக்கும் இந்த 13,471க்கும் சம்பந்தமே இல்லை.

உங்கள் தொகை ஏன் ஏறியது என்று பிரித்துக் காட்டுகிறேன். கார் பிரீமியத்தில் இரண்டு துண்டு. ஒன்று தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் இழப்புக்கானது. இது அரசு நிர்ணயிப்பது, 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி 1000 சிசிக்குள் 2,094, 1000 முதல் 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. நீங்கள் முப்பது வருடம் ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடிக்காமல் ஓட்டியிருந்தாலும் 3,416தான். போன மாதம் லைசென்ஸ் எடுத்த பையனுக்கும் 3,416தான்.

இன்னொன்று ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிச் சேதத்துக்கானது. 2007க்குப் பிறகு இதைக் கம்பெனிகளே முடிவு செய்கின்றன. உங்கள் கடந்த காலம் வேலை செய்வது இந்தத் துண்டில் மட்டும்தான், அதுவும் முக்கியமாக நோ கிளைம் போனஸ் வழியாக. ஒரு வருடம் கிளைம் போடாவிட்டால் 20 சதவீதம் தள்ளுபடி, இரண்டு வருடம் 25, மூன்று வருடம் 35, நான்கு வருடம் 45, ஐந்து வருடம் 50. அதற்கு மேல் ஏறாது. ஒரு கிளைம் போட்டால் மறு வருடம் சுழியம்.

உங்கள் தொகையைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தால் ஓன் டேமேஜ் அடிப்படை 8,000 வருகிறது. போன வருடம் 45 சதவீதம் போக 4,400. அதோடு 3,416 சேர்த்து, 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டால் 9,223. இந்த வருடம் போனஸ் இல்லை: 8,000 கூட்டல் 3,416, அதற்கு வரி, 13,471. பைசா பிசகாமல் பொருந்துகிறதா? மச்சானின் பம்பர்தான் காரணம்.

உச்சிப்புளியான் | திங்கள், இரவு 10.41

பொருந்துகிறது. ஆனால் ஓட்டியவன் அவன், போனஸ் போனது எனக்கா?

கேணிக்கரை ஏஜெண்ட் | திங்கள், இரவு 10.58

ஆமாம். யார் ஓட்டினார்கள் என்று போனஸ் பார்க்காது. பாலிசி யார் பேரில் இருக்கிறதோ அவர் கணக்கில்தான் ஏறும், இறங்கும். அதே மச்சான் நாளைக்குச் சொந்தமாக ஒரு கார் வாங்கினால், இந்த முட்டல் அவர் பிரீமியத்தில் ஒரு ரூபாய்கூட ஏற்றாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். இந்த வருடம் கிளைம் போடாமல் இருந்திருந்தால் 50 சதவீதப் படிக்கு வந்திருப்பீர்கள், ஓன் டேமேஜ் 4,000. இப்போது 8,000. மறு வருடம் 20 சதவீதத்தில் 6,400, அப்புறம் 6,000, 5,200, 4,400. ஒவ்வொரு வருடமும் 4,000க்கு மேல் கொடுக்கிற வித்தியாசத்தைக் கூட்டினால் 10,000. வரியோடு 11,800. வண்டி மதிப்பு குறையக் குறைய அடிப்படைத் தொகையும் கொஞ்சம் இறங்கும், அதனால் நிஜத்தில் சற்றுக் குறைவாக வரலாம். ஆனாலும் நீங்கள் கம்பெனியிடம் வாங்கியது 5,600.

உச்சிப்புளியான் | திங்கள், இரவு 11.03

இதைக் கிளைம் ஃபாரம் நீட்டும்போது யாராவது சொல்லியிருக்கலாம்.

மண்டபம் டிங்கர் | செவ்வாய், காலை 6.50

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன் சொல்கிறேன், யாரும் சொல்ல மாட்டார்கள். ஷோரூமில் வண்டியை விட்டதும் "பாலிசி இருக்கா சார்" என்பதுதான் முதல் கேள்வி. கிளைம் என்றால் புது பம்பர் போடலாம், கைக்காசு என்றால் பழைய பம்பரை ஒட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிக்கச் சொல்வார்கள். அவர்களுக்கு எது லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உச்சிப்புளி அண்ணனுக்கு 3,600 கையிலிருந்து ஏன் போனது என்றால், பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் கம்பெனி பாதி விலைதான் கொடுக்கும். பம்பர் பிளாஸ்டிக். அதற்கு மேல் 1500 சிசி வரை உள்ள வண்டிக்கு ஒவ்வொரு கிளைமிலும் 1,000 ரூபாய் கட்டாயப் பிடித்தம். கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. ஆக, பம்பர் என்பது கிளைம் போடுவதற்கு ரொம்ப மோசமான பொருள், வேறு எதுவும் சேர்ந்து போகாத வரைக்கும்.

என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்பது இதுதான்: இப்போது எத்தனை சதவீதம் போனஸில் இருக்கிறீர்கள்? 50 என்றால் சின்னக் கீறலுக்குப் பாலிசியைத் தொடாதீர்கள். 20 என்றால் இழக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள். ரேடியேட்டர், ஹெட்லைட், பானெட் என்று உள்ளே போயிருந்தால் யோசிக்கவே வேண்டாம், போடுங்கள். அதற்குத்தானே கட்டுகிறோம்.

அப்புறம் நம் கரைக்காரர்களுக்கு ஒன்று. துருவுக்குக் கிளைம் கிடையாது. தனுஷ்கோடி வரை போய்விட்டு அடியில் கழுவாமல் நிறுத்திவிட்டு, வருடக் கடைசியில் "சைலன்ஸர் உதிர்ந்துவிட்டது, இன்ஷூரன்ஸில் வருமா" என்று கேட்கிறார்கள். அது தேய்மானம், எந்தக் கம்பெனியும் கொடுக்காது. மணலில் இறக்கி, அலையில் மாட்டி, தண்ணீர் குடித்த இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்து கெடுத்தாலும் இதே கதைதான், இன்ஜினுக்கென்று கூடுதல் இன்ஷூரன்ஸ் கவர் தனியாக எடுத்திருந்தால் ஒழிய.

பனைக்குளத்து மருமகள் | செவ்வாய், காலை 8.15

ஏஜெண்ட் அண்ணா, எனக்கு இதில் ஒரு நியாயமே புரியவில்லை. தேவிபட்டினத்தில் நவபாஷாணம் பார்க்கப் போனபோது வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் பின்கதவு உள்ளே போயிருக்கிறது. எந்த வண்டி இடித்தது என்று தெரியவில்லை, கேமராவும் இல்லை. செலவு பெரிது என்பதால் கிளைம் போட்டோம். எங்கள் 50 சதவீதம் அப்படியே போய்விட்டது. ஓட்டாமல் நின்ற வண்டிக்கு எங்கள் ஓட்டுதலைக் குறைசொல்லித் தண்டனையா?

கேணிக்கரை ஏஜெண்ட் | செவ்வாய், காலை 9.30

குறை சொல்லவில்லை தங்கச்சி, குறையே பார்க்கவில்லை. தப்பு யார் பக்கம் என்பதை இந்தப் போனஸ் கேட்பதே கிடையாது. கிளைம் வந்ததா, வரவில்லையா, அவ்வளவுதான். மாடு குறுக்கே வந்தாலும், புயலில் மரம் விழுந்தாலும், நின்ற வண்டியை இடித்தாலும் ஒரே கணக்கு. இடித்தவரைப் பிடிக்க முடிந்தால் அவருடைய தேர்டு பார்ட்டியிலிருந்து வண்டிச் சேதத்தைக் கேட்கலாம், மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். ஆனால் கதவுக்காக வக்கீல் வைத்து வாய்தாவுக்கு அலைய யாருக்கு முடியும்? அதனால்தான் எல்லாரும் சொந்தப் பாலிசியில் போட்டுவிட்டு போனஸை இழக்கிறார்கள். எனக்கும் இது நியாயமாகப் படவில்லை.

என்.சி.பி. புரொடெக்ட், அதாவது நோ கிளைம் போனஸைக் காப்பாற்றும் ஒரு கூடுதல் கவர் விற்கிறோம். அது இருந்தால், கம்பெனி சொல்லும் எண்ணிக்கைக்குள் கிளைம் போட்டாலும் படி இறங்காது. 45, 50ல் இருப்பவர்கள் அதன் விலையைக் கேட்டுப் பாருங்கள். 20ல் இருப்பவருக்கு நான் விற்பதில்லை.

தொண்டி ஈப்போ | செவ்வாய், பகல் 12.05

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் இதே மாதிரிதான், பேர் மட்டும் என்.சி.டி. முதல் வருடமே 25, அப்புறம் 30, 38.33, 45, ஐந்து வருடத்தில் 55. என் தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கே வருடத்துக்குப் பத்துப் பத்தாக ஏறி 50. ஆனால் பனைக்குளம் சகோதரி கேட்ட நியாயம் அங்கே கொஞ்சம் உண்டு. விபத்தில் உங்கள் பக்கத் தப்பு 20 சதவீதத்துக்கு மேல் போகவில்லை என்றால் தள்ளுபடியைத் தொட மாட்டார்கள். தப்பு உங்களுடையது என்றாலும் ஒரே கிளைமில் 50லிருந்து 20க்குத்தான் இறங்கும், அடிமட்டத்துக்குப் போகாது.

என் கேள்வி வேறு. அடுத்த வருடம் ஒரேயடியாக ஊருக்கு வருகிறேன். இங்கே 55ல் இருக்கிறேன், ஒரு கிளைமும் இல்லை. ஊரில் கார் வாங்கினால் நான் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டுமா?

கேணிக்கரை ஏஜெண்ட் | செவ்வாய், பகல் 1.20

வேண்டாம் பாய். பழைய இந்திய மோட்டார் டாரிஃப் என்ற கட்டண விதித்தொகுப்பின் 27ஆம் பொது விதியிலேயே இதற்கு இடம் இருக்கிறது. வெளிநாட்டில் சம்பாதித்த போனஸுக்கு ஆதாரம் காட்டினால் இங்கே எடுக்கும் புதுப் பாலிசியில் கொடுக்கலாம். அங்குள்ள பாலிசி முடிந்து மூன்று வருடத்துக்குள் இங்கே எடுக்க வேண்டும். நம் ஊர் உச்சம் 50தான், 55 கேட்காதீர்கள். கிளம்பும் முன்பே அந்தக் கம்பெனியிடம் உங்கள் பேர், வண்டி எண், எத்தனை வருடம் கிளைம் இல்லை என்ற விவரத்தோடு லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். இங்கே வந்த பிறகு ஈமெயிலில் துரத்துவது பெரும்பாடு. கிளைச் சிப்பந்தி தெரியாது என்றால் விதி எண்ணைச் சொல்லுங்கள்.

கீழக்கரை, தொண்டி, பனைக்குளம் பக்கம் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருந்து திரும்புகிற எத்தனையோ பேர் இதைக் கேட்பதே இல்லை. முழுத்தொகை கட்டிவிட்டு, ஐந்து வருடம் கழித்து மறுபடி 50க்கு வருகிறார்கள்.

சாயல்குடி டீச்சர் | செவ்வாய், மாலை 5.45

நல்ல நேரத்தில் இந்த இழை கண்ணில் பட்டது. போன மாதம் ஒரு பழைய கார் வாங்கினேன். விற்றவர் "ஐந்து வருடம் கிளைம் இல்லாத வண்டி, 50 சதவீதம் தள்ளுபடியோடு வருகிறது" என்று சொல்லித்தான் விலை பேசினார். பாலிசி இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது, இன்னும் நான்கு மாதம் உயிரோடு இருக்கிறது. புதுப்பிக்கும்போது மாற்றிக்கொள்ளலாமா?

கேணிக்கரை ஏஜெண்ட் | செவ்வாய், மாலை 6.10

டீச்சர், நான்கு மாதம் காத்திருக்காதீர்கள், நாளைக்கே மாற்றுங்கள். வண்டி கைமாறி 14 நாளுக்குள் பாலிசியை மாற்ற மனு கொடுக்க வேண்டும். தேர்டு பார்ட்டி தானாக உங்களுக்கு வந்துவிடும், மோட்டார் வாகனச் சட்டம் 157ஆம் பிரிவு அதைக் காப்பாற்றுகிறது. ஓன் டேமேஜ் அப்படி வராது. இன்றைக்கு நீங்கள் சாயல்குடியிலிருந்து மூக்கையூர் போகிற வழியில் ஒரு மாட்டை இடித்தால், ஆர்.சி. புக்கில் ஒரு பேர், பாலிசியில் ஒரு பேர் என்று சொல்லிக் கையை விரித்துவிடுவார்கள்.

அந்த 50 சதவீதம் வண்டியோடு வராது. அது விற்றவருடையது. அவர் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு மூன்று வருடத்துக்குள் எடுக்கும் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்துவார். உங்கள் பேருக்கு மாற்றும்போது மீதி நான்கு மாதத்துக்கான போனஸ் வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். விலை பேசும்போது அதற்காக ஏதாவது கூட்டிக் கொடுத்திருந்தால், அது போனது போனதுதான். குடும்பத்துக்குள் ஒரே ஒரு விலக்கு: உரிமையாளர் இறந்து, வண்டி மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைக்கோ பெற்றோருக்கோ வந்தால் போனஸும் கூட வரும்.

சாயல்குடி டீச்சர் | செவ்வாய், மாலை 6.32

ஆன்லைனில் போட்டுப் பார்த்தேன். "சென்ற வருட போனஸ் எவ்வளவு" என்று அதுவே கேட்கிறது. 50 என்று நான் போட்டால் ஒன்றும் ஆதாரம் கேட்காமல் குறைந்த தொகை காட்டுகிறதே?

மண்டபம் டிங்கர் | செவ்வாய், மாலை 6.40

டீச்சரே இப்படிக் கேட்டால் பிள்ளைகள் என்ன செய்யும்?

கேணிக்கரை ஏஜெண்ட் | செவ்வாய், இரவு 7.15

கட்டும்போது கேட்க மாட்டார்கள் டீச்சர், கிளைம் போடும்போது கேட்பார்கள். பழைய கம்பெனிக்கு எழுதிச் சரிபார்க்கும் வழக்கம் முன்பே உண்டு, இப்போது ஐதராபாத்தில் உள்ள இன்ஷூரன்ஸ் தகவல் மையத்தில் எல்லாக் கம்பெனிகளின் கிளைம் விவரமும் இருக்கிறது. பொய்யாகப் போனஸ் வாங்கியிருந்தால் ஓன் டேமேஜ் கிளைமை மறுக்கவோ வெட்டவோ அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். 2,000 ரூபாய் மிச்சத்துக்காக நான்கு லட்ச ரூபாய் வண்டியைப் பணயம் வைப்பதா? இதைச் செய்துகொடுக்கும் புரோக்கர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். உங்கள் சார்பில் அவர்கள் எதை டிக் செய்கிறார்கள் என்று பாருங்கள்.

ராமேஸ்வரம் டி போர்டு | செவ்வாய், இரவு 9.20

சலான் விஷயத்தில் என் தகவல் தப்பு என்று தெரிகிறது, சரி. ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். நாங்கள் 1000 முதல் 1500 சிசி டாக்ஸிக்குத் தேர்டு பார்ட்டி மட்டும் 7,940 கட்டுகிறோம். அதற்கு மேல் பயணி ஒருவருக்கு 978. நாலு சீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓன் போர்டுக்காரன், அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிந்த கார்க்காரன், 3,416 கட்டிவிட்டு, ஸ்டேஷன் வாசலில் நின்று, அக்னி தீர்த்தம், தனுஷ்கோடி, அரிச்சல்முனை என்று ஆள் ஏற்றுகிறான். எந்த ஹிஸ்டரி அவனைப் பிடிக்கிறது?

கேணிக்கரை ஏஜெண்ட் | செவ்வாய், இரவு 9.50

11,852 வருகிறது. உங்கள் வயிற்றெரிச்சல் நியாயம். அவருக்கு பிரீமியம் ஏறாது, உண்மை. ஆனால் தனியார் கார் பாலிசியில் வாடகைக்கு ஓட்டக் கூடாது என்று அச்சடித்தே இருக்கிறது. விபத்து நடந்து, உள்ளே இருந்தவர் "ஆளுக்கு இவ்வளவு கொடுத்து வந்தோம்" என்று போலீஸில் ஒரு வரி சொல்லிவிட்டால் வண்டிக்குப் பணம் வராது. அடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டியதும் அவர் தலையில் விழலாம்.

ஏர்வாடி பையன் | செவ்வாய், இரவு 10.15

அப்படியென்றால் லைசென்ஸ், குடி, சலான் எதுவுமே இன்ஷூரன்ஸுக்குக் கணக்கே இல்லையா? ஜாலி.

கேணிக்கரை ஏஜெண்ட் | புதன், காலை 7.05

தம்பி, பிரீமியத்தில்தான் கணக்கில்லை. கிளைமில் உண்டு. ஓட்டியவர் குடித்திருந்தால் ஓன் டேமேஜ் கிடையாது. லைசென்ஸ் காலாவதி ஆகியிருந்தாலும், ஆர்.டி.ஓ. தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தாலும் கிடையாது. முன்பு லைசென்ஸ் முடிந்தபின் 30 நாள் சலுகை இருந்தது, 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். முடிந்த மறுநாளே நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர். எதிரே அடிபட்டவருக்குக் கோர்ட் சொன்னால் கம்பெனி கொடுத்துவிட்டு, அதை வண்டிக்காரரிடம் திருப்பி வசூலிக்கும். உயிர்ச்சேதத்தில் அது எத்தனை லட்சம் போகும் என்று உங்கள் ஊரிலேயே விசாரித்துப் பாருங்கள்.

உச்சிப்புளி அண்ணன் மச்சானுக்கு வண்டி கொடுக்கலாமா என்று கேட்டாரே, அதற்கும் இதுதான் பதில். அவர் லைசென்ஸ் தேதியைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ராமேஸ்வரம் டி போர்டு | புதன், காலை 7.30

கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு டாக்ஸி ஓட்டினான் என்று சொல்லி முன்பு கிளைமை மறுப்பார்கள். 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அதற்கு முடிவு கட்டிவிட்டது. 7,500 கிலோவுக்குள் என்றால் எல்.எம்.வி. எனும் இலகுரக வண்டி லைசென்ஸே போதும். இதுவும் வாட்ஸாப்பில்தான் வந்தது, ஆனால் இது சரிதான், வக்கீலிடம் கேட்டுவிட்டேன்.

உச்சிப்புளியான் | புதன், இரவு 8.40

மச்சான் லைசென்ஸைப் பார்த்தேன், இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. அவனிடம் 11,800 கணக்கையும் காட்டினேன், பாதி தருகிறேன் என்கிறான். பார்ப்போம்.

புதுப்பிக்கும்போது வாலன்டரி டிடக்டிபிள் என்று ஒன்று காட்டியது. கிளைமில் முதல் 5,000ஐ நானே ஏற்றுக்கொண்டால் ஓன் டேமேஜில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 வரை குறையும் என்கிறது. இனி சின்னதற்குக் கிளைம் போடப்போவதில்லை என்று முடிவான பிறகு அதை எடுக்காமல் இருப்பதில் அர்த்தம் இல்லை என்று தோன்றியது, எடுத்துவிட்டேன். சரிதானே?

மண்டபம் டிங்கர் | புதன், இரவு 9.05

உங்களுக்குச் சரி. பாம்பன் பாலத்தில் தினமும் போய்வருகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

தொண்டி ஈப்போ | வியாழன், காலை 6.20

கடிதம் கேட்டு எழுதிவிட்டேன். இன்னொரு சந்தேகம்: ஊரில் அப்பாவின் கார் மாதத்துக்கு நூறு கிலோமீட்டர்கூட ஓடாது. அதற்கும் முழுத்தொகைதானா?

கேணிக்கரை ஏஜெண்ட் | வியாழன், காலை 8.00

2022 ஜூலையில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதி கொடுத்த பிறகு, ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் கவரும், எப்படி ஓட்டுகிறோம் என்று கருவி வைத்துப் பார்த்துக் கட்டும் கவரும் கம்பெனிகள் விற்கின்றன. குறைப்பது ஓன் டேமேஜை மட்டும்தான், தேர்டு பார்ட்டி அப்படியே. அப்பாவின் வண்டிக்கு முதலாவது பொருந்தும். ஓடோமீட்டரைப் படம் எடுத்து, பழைய பாலிசி நகலோடு உள்பெட்டியில் அனுப்புங்கள். பாலிசி என்றைக்கு முடிகிறது என்று மட்டும் இப்போதே பாருங்கள். முடிந்து 90 நாள் தாண்டிவிட்டால் அவருடைய போனஸும் போய்விடும்.